பனிமலை மனைகள்: கூரையும் சுவரும்

மழையை மட்டுமே அறிந்த நாட்டில் கூரையின் கடமை எளியது. விழுந்த நீர் தங்காது வழிந்தோடினால் போதும். ஆல்ப்ஸ் மலைநாட்டில் வானிலிருந்து விழுவது ஓடுவதில்லை, தங்குகிறது. கார்த்திகையில் விழுந்த வெண்பனி சித்திரை வரையில் கூரைமேல் கிடக்கிறது. புதிதாய்ப் பெய்த பனி ஒரு கனமீட்டருக்கு 100 கிலோவுக்கும் குறைந்த எடையுள்ளது. நாட்பட நாட்பட அது தானே அழுந்தி இறுகி 300 கிலோவை எட்டும். இளவேனில் ஈரமும் சேர்ந்துவிடின் 400 கிலோவையும் கடக்கும். 10 மீட்டர் அகலமும் 15 மீட்டர் நீளமும் கொண்ட கூரையொன்றின்மேல் இறுகிய பனி ஒரு மீட்டர் உயரம் நின்றால், அக்கூரை தாங்கும் சுமை 45 டன் ஆகும். மாணாக்கர் இக்கணக்கைத் தாமே போட்டுப் பார்க்கலாம். பொதி ஏற்றிய லாரிகள் மூன்றினைத் தலைமேல் தூக்கி வைத்துக்கொண்டு ஒரு வீடு பனிக்காலம் முழுவதும் நிற்பதற்கு அது நிகராகும்.

இத்தகைய மலையில், பனிச்சறுக்கு விளையாட்டுக்காக வந்து சில நாள் தங்கிச் செல்லும் செல்வர்க்கு வீடு கட்டும் வழக்கம் ஏறத்தாழ ஒரு நூற்றாண்டாகவே உள்ளது. அதற்கு முன்னர் அங்கே வீடு கட்டியவர் உழவரும் ஆயருமே. அவர்கள் கூரைக்கும் சுவருக்கும் எப்பொருளைக் கொண்டனர், ஏன் கொண்டனர், பின்னர் வந்தோர் அவற்றுள் எதனைக் கைவிட்டனர் என்பதே இவ்வரலாறு.

ஸ்விட்சர்லாந்தின் தென்மேற்கிலுள்ள வாலே மாநிலத்தில் பழைய வீடுகள் இரு பகுதியாய் அமைந்திருக்கும். பின்பகுதி கல், முன்பகுதி மரம். அடுப்பு எரியும் சமையற்கட்டினைக் கல்லால் கட்டி, மக்கள் அமர்ந்து உறங்கும் அறைகளை லார்ச் மரக்கட்டைகளால் அமைத்தனர். தீயைக் கல்லுக்குள் அடைத்து, வெப்பத்தை மரத்துக்குள் காத்த அறிவு இது. லார்ச் என்பது ஊசியிலை மரங்களுள் புதுமையானது. இலையுதிர் காலத்தில் பொன்னிறமாகித் தன் இலைகளை உதிர்த்துவிடும். அதன் வைரம் பிசின் நிறைந்தது. ஆதலின் நெய் பூசாமலும் வண்ணம் தீட்டாமலும் வெயிலிலும் பனியிலும் நெடுங்காலம் கெடாது நிற்கும். வெயில் நன்கு படுகின்ற தென்புறச் சுவர் காலப்போக்கில் கரியது போலக் கறுத்துவிடும். மழைச்சாரல் கழுவும் புறம் வெள்ளிபோல் நரைத்துவிடும். இந்தக் கறுமை தீயினால் வந்தது என்று எண்ணும் பயணிகளும் உளர். அது கதிரவன் தீட்டிய வண்ணமே.

கட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாய்ப் படுக்க வைத்து, மூலைகளில் வெட்டிப் பொருத்திக் கோப்பது இம்மரச்சுவரின் முறை. கிரௌபுண்டன் மாநிலத்து மக்கள் இதனைப் 'பின்னுதல்' என்றே தம் மொழியில் குறிப்பர். கம்பளி நூலைப் பின்னுவதற்கும் சுவர் எழுப்புவதற்கும் அவர்களிடம் ஒரே சொல். இச்சுவரில் ஒரு குணம் உண்டு. மரம் நீளவாட்டில் சுருங்காது, குறுக்குவாட்டில் சுருங்கும். கட்டைகள் படுத்துக் கிடப்பதால் கட்டிய முதற்சில ஆண்டுகளில் ஒவ்வொரு மாடியும் சில சென்டிமீட்டர் தாழும். இதனை அறிந்த தச்சன் சன்னல் நிலைக்கு மேலே இடைவெளி விட்டே கட்டுவான். அறியாதவன் கட்டிய வீட்டில் கதவு திறக்க வராது.

தானியக் களஞ்சியத்தைக் கட்டியபோது அவர்கள் இன்னும் நுட்பம் காட்டினர். குட்டையான மரக்கால்களை நட்டு, ஒவ்வொன்றின் தலையிலும் வட்டமான தட்டைக்கல் ஒன்றை வைத்து, அதன்மேல் களஞ்சியத்தை ஏற்றினர். காலில் ஏறி வரும் எலி தட்டைக்கல்லின் அடிப்புறத்தைக் கடக்க இயலாது கீழே விழும்.

இனிக் கூரை. மலைநாட்டுக் கூரையில் பழைமையானவை இரண்டு: மரச்செதிள் ஒன்று; கற்பலகை மற்றொன்று. மரச்செதிள் என்பது லார்ச் மரத்தினின்றோ ஸ்புரூஸ் மரத்தினின்றோ பிளந்தெடுத்த மெல்லிய சிறு பலகை. அறுத்தல் வேறு, பிளத்தல் வேறு என்பது ஈண்டு இன்றியமையாதது. வாள் மரத்தின் நாரைக் குறுக்கே வெட்டிவிடும். வெட்டுண்ட நாரின் வாய்வழி நீர் உள்ளே புகும். பிளந்த பலகையில் நார் முழுமையாய் இருக்க, நீர் அந்நாரின் போக்கிலேயே வழிந்தோடும். இரும்பு ஆணி விலைமிக்கதாய் இருந்த காலத்தில் இச்செதிள்களை ஆணியடிக்காமல் அடுக்கி, குறுக்கே கழிகளை இட்டு, கழியின்மேல் பாறாங்கற்களை ஏற்றி வைத்தனர். கல் உருளாதிருக்க வேண்டுமாதலின் கூரையின் சரிவு குறைவாகவே இருந்தது. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை உழவன் கூரைமேல் ஏறிச் செதிள்களைப் புரட்டி அடுக்குவான். பழுதானவற்றை மட்டும் நீக்குவான். கூரை முழுவதையும் ஒரே நாளில் மாற்றும் செலவு அவனுக்கு நேர்ந்ததில்லை.

சரிவு குறைந்த கூரையில் பனி தங்கும். தங்கட்டும் என்றே அவர்கள் கட்டினர். புதுப்பனியின் கன அளவில் பெரும்பகுதி காற்று. எனவே அது கம்பளிபோல் குளிரைத் தடுக்கும். சுமையைத் தாங்கும் பருத்த உத்தரங்களுக்குக் காட்டில் பஞ்சமில்லை. வானம் இலவசமாய்க் கொடுத்த போர்வையை ஏன் உதற வேண்டும்?

கற்கூரை டிச்சினோ மாநிலத்திலும் இத்தாலியின் ஆஓஸ்தா பள்ளத்தாக்கிலும் வால்ஸ் போன்ற ஊர்களிலும் மிகுதி. நைஸ் எனப்படும் பாறை அடுக்கடுக்காய்ப் பிளவுபடக் கூடியது. அந்த அடுக்குகளே ஓடுகளாயின. ஒரு சதுர மீட்டர் கற்கூரை 200 கிலோவுக்கும் மேல் எடையுள்ளது. அதாவது பனி விழுவதற்கு முன்னரே பாதிப் பனிக்காலத்துச் சுமையை அவ்வீடு ஏற்றுக்கொண்டுவிடுகிறது. ஆயினும் தீ அதனைத் தீண்டாது, புயற்காற்று அதனைப் பெயர்க்காது. அருகில் கல்வெட்டுக்குழி இருந்த ஊரில் மட்டுமே அது மலிவு. இரண்டு பள்ளத்தாக்குக்கு அப்பால் அதைக் கழுதைமேல் ஏற்றிச் செல்ல எவரும் துணியவில்லை. பொருளைத் தேர்ந்தெடுத்தது மனிதன் மட்டுமன்று, வழியின் தொலைவுங்கூட.

எங்கடீன் பள்ளத்தாக்கின் வீடுகள் தனி இனம். வெளியே பார்த்தால் கோட்டை போன்ற தடித்த கற்சுவர். உள்நோக்கிக் குறுகிச் செல்லும் சிறு சன்னல்கள். சுண்ணச்சாந்தின் மேற்பூச்சைச் சுரண்டி வரைந்த கோலங்கள். உள்ளே சென்றாலோ ஆர்வே என்னும் மலைப்பைன் பலகை வேய்ந்த சிறிய அறை. வெப்பம் வேண்டிய இடத்தில் மரமும் காவல் வேண்டிய இடத்தில் கல்லும் அங்கும் காணப்படுகின்றன.

பனிச்சரிவு என்னும் பெரும்பகைக்கும் அவர்கள் சுவராலேயே விடை தந்தனர். தாவோஸ் அருகே பிரௌவன்கிர்ஷ் என்னும் சிற்றூரின் தேவாலயம் மலையை நோக்கிய தன் பின்சுவரைக் கப்பலின் முகப்புப்போல் கூராக்கிக்கொண்டு நிற்கிறது. சரிந்து வரும் பனி அக்கூரில் மோதி இரண்டாய்ப் பிளந்து இருமருங்கும் சென்றுவிடும் என்பது கட்டியவர் கணக்கு.

இம்மரபை முதலில் அசைத்தது தீ. 1861ஆம் ஆண்டு மே மாதம் 10ஆம் நாள் இரவு கிளாருஸ் நகரில் தீப்பற்றியது. மலையைத் தாண்டி இறங்கும் ஃபியோன் என்னும் வறண்ட வெப்பக்காற்று அன்று வீசிற்று. எரிகின்ற மரச்செதிள் ஒவ்வொன்றையும் அக்காற்று தீப்பந்தமாக்கிக் கூரைக்குக் கூரை எறிந்தது. விடிவதற்குள் ஏறத்தாழ 600 கட்டடங்கள் சாம்பலாயின. நகரை மீண்டும் அமைத்தபோது தெருக்களை நேராகவும் அகலமாகவும் வகுத்துக் கல்லால் கட்டினர். இத்தகைய தீக்களுக்குப் பின்னர் மரச்செதிள் ஐயத்துக்குரிய பொருளாயிற்று. பல ஊர்கள் அதனை விலக்கின. ஓடும் பலகைக்கல்லும் உலோகத் தகடும் அதன் இடத்தைப் பெற்றன. தாவோசுக்கு 1890இலும் செர்மாட்டுக்கு 1891இலும் இருப்புப்பாதை வந்து சேர்ந்தது. சிமெண்டும் தகடும் அதன்வழி மலையேறின. கழுதை மறுத்த சுமையைப் புகைவண்டி ஏற்றுக்கொண்டது.

இருப்புப்பாதையில் வந்தவை பொருள்கள் மட்டுமல்ல. சென் மோரிட்ஸ் ஊரில் விடுதி நடத்திய யோஹான்னஸ் பாட்ருட் 1864இல் தம் ஆங்கில விருந்தினரிடம் பந்தயம் கட்டி அவர்களைக் குளிர்காலத்தில் வரவழைத்தார் என்பது அவ்வூரார் விரும்பிக் கூறும் கதை. 1894இல் துப்பறியும் கதைகளால் புகழ்பெற்ற கானன் டாயில், தாவோஸ் சகோதரர் இருவர் துணையோடு பனிச்சறுக்குப் பலகை பூட்டிக் கணவாயைக் கடந்து அரோசா சென்றார். 1934ஆம் ஆண்டின் இறுதியில் தாவோசில் சறுக்குவோரை மேலே இழுத்துச்செல்லும் பொறி இயங்கத் தொடங்கியது. குளிர்காலம் சோம்பிக் கிடந்த ஊர்களுக்கு அதுவே அறுவடைக் காலமாயிற்று.

காசநோயாளர் தங்கி வெயில் காய்வதற்காகத் தாவோசின் மேலே ஷாட்ஸால்ப் மருத்துவமனை 1900இல் திறக்கப்பட்டது. அதன் கூரை தட்டையானது. பனிமலையில் தட்டைக்கூரை என்பது முதற்பார்வையில் பேதைமை போலத் தோன்றும். ஆனால் அக்கட்டடக் கலைஞர் கூரையின் நீரை வெளி விளிம்புக்கு அனுப்பாமல், கட்டடத்தின் நடுவே வெப்பமான குழாய்வழி இறக்கினர். அங்கே நீர் உறையாது. விளிம்பில் ஈட்டிபோல் தொங்கும் பனிக்கட்டியும் இல்லை. கீழே நடப்போர் தலையில் பனி சரிந்து விழும் அச்சமும் இல்லை. தாவோஸ் இன்றும் தட்டைக்கூரைகளின் நகரமாகவே விளங்குகிறது. ஜூரா மலையூரொன்றில் 1887இல் பிறந்த லெ கொர்பூசியேவும், நடுவண் வெப்பமூட்டும் வீட்டுக்குச் சரிவுக்கூரை ஆகாது என்று இதே காரணத்தை எடுத்துக்காட்டியே வாதாடினார்.

அவர் வாதத்தின் உட்பொருளை ஆசிரியர்கள் மாணாக்கருக்குச் சற்று நின்று விளக்குவது நலம். ஏனெனில் பனிச்சறுக்கு மனைகளின் சிக்கல் முழுவதும் இதில் அடங்கியுள்ளது. உழவன் வீட்டில் கூரைக்கும் அறைக்கும் இடையே வைக்கோலும் புல்லும் நிறைந்த பரண் இருந்தது. கீழே கனலும் வெப்பம் அப்பரணைத் தாண்டி மேலே ஏறாது. கூரை வெளிக்காற்றைப் போலவே குளிர்ந்து கிடக்கும். பனியும் உருகாது கிடக்கும். விருந்தினர் வந்தபின் அப்பரணில் மாட்டுத் தீவனத்துக்கு இடமில்லை; அது படுக்கையறையாயிற்று. அறையை வெப்பமூட்டவே கூரை சூடேறி அடிப்பனி உருகத் தொடங்கியது. உருகிய நீர் கூரைவழி இறங்கிச் சுவருக்கு வெளியே நீண்டிருக்கும் இறவாரத்தை அடையும். இறவாரத்தின் கீழே அறை இல்லை. ஆகவே அது குளிர்ந்தது. அங்கே நீர் மீண்டும் உறைந்து அணைபோல் எழும். பின்னால் வரும் நீர் அவ்வணையில் தேங்கி, ஓட்டுக்கும் செதிளுக்கும் அடியில் ஏறி, உள்ளே ஒழுகும். முந்நூறு ஆண்டு ஒழுகாத கூரை, பொருள் மாறாமலேயே, வாழ்வோர் மாறியதனால் ஒழுகலாயிற்று.

இதற்குக் கண்ட தீர்வு இரட்டைக்கூரை. வெப்பத்தைத் தடுக்கும் பொருளை அறையை ஒட்டி இட்டு, அதற்கும் மேற்கூரைக்கும் இடையே காற்று ஓடும் வழியொன்றை விடுகின்றனர். இறவாரத்தில் நுழையும் குளிர்காற்று உச்சியில் வெளியேறும். வேறொன்றுமில்லை, வைக்கோற்பரண் செய்த வேலையை ஒரு சாண் இடைவெளி செய்கிறது.

சுவருக்கும் இவ்வாறே வாழ்வு மாறியதனால் வந்த சிக்கல் உண்டு. தடித்த கற்சுவர் மெல்லச் சூடேறி மெல்லக் குளிரும். ஆண்டு முழுதும் அடுப்பு அணையாத குடும்பத்துக்கு அது நன்று. வெள்ளி இரவு வந்து ஞாயிறு மாலை திரும்புவோர்க்கு, அக்கல் சூடேறி முடிக்கும் வேளையில் புறப்படும் நேரம் வந்துவிடும். மரச்சுவரின் அறையோ விரைவில் கதகதப்பாகும். பனிச்சறுக்கு மனைகளில் கல் அடித்தளத்தோடு நின்றுவிட்டு, மேலே மரம் ஏறியதற்கு அழகுணர்ச்சியோடு இக்காரணமும் துணைநின்றது.

இவ்வகை மனைக்குத் தனியுருவம் தந்தவர் பிரெஞ்சுக் கட்டடக் கலைஞர் ஆன்றி ஷாக் லெ மேம். 1925இல் மெழேவ் ஊருக்கு வந்த அவர், அவ்வூரைக் குளிர்கால நகராக்க முனைந்த நோயெமி தெ ரோத்ஷில்ட் பெருமாட்டிக்கு அடுத்த ஆண்டிலேயே மனையொன்று கட்டத் தொடங்கினார். சவோய் உழவர் வீட்டின் அகன்ற தாழ்சரிவுக் கூரையை அவர் எடுத்துக்கொண்டார்; சாந்து பூசிய சுவரைக் கீழேயும் மரத்தை மேலேயும் வைத்தார். மாட்டுக்கொட்டில் இருந்திருக்க வேண்டிய கீழ்த்தளத்தில் சறுக்குப் பலகைகளையும் ஈரக் காலணிகளையும் வைக்கும் அறை வந்தது.

வியன்னாவின் அடால்ப் லூஸ் கடுமையானவர். 1913இல் மலையில் கட்டுவோர்க்கு விதிகள் என்றே அவர் ஒரு சிறு கட்டுரை வரைந்தார். கண்ணுக்கு இனிய காட்சியாகட்டும் என்று கட்டாதே, உழவனைப் போல வேடமிடாதே, பழைய முறையைவிட உண்மையில் மேலானதாயின் புதியதை ஏற்றுக்கொள் என்பது அதன் சாரம். பேயர்பாக் அருகே 1930இல் முடிந்த கூனர் மாளிகையில் அவர் தம் சொல்லைத் தாமே கடைப்பிடித்தார். கல் அடித்தளம், கட்டை அடுக்கிய சுவர், அவற்றின்மேல் துத்தநாகத் தகடு வேய்ந்த தாழ்சரிவுக் கூரை. மரச்செதிளை எதிர்பார்த்து வந்தோர் தகட்டைக் கண்டு முகஞ்சுளித்திருக்கலாம். ஆனால் தீப்பற்றாத தகடு அவ்வகையில் மரச்செதிளினும் மேம்பட்டதே.

தகட்டுக்கும் குறையுண்டு. வெயிலில் நீளும், குளிரில் குறுகும். 10 மீட்டர் நீளமுள்ள அலுமினியத் தகடு 60 பாகை வெப்ப வேறுபாட்டில் 14 மில்லிமீட்டர் அளவு நீண்டு சுருங்கும். ஆணியால் இறுக்கினால் ஆணித்துளை கிழியும். எனவே விளிம்புகளை நிமிர்த்தி மடித்து, நகர இடந்தரும் பற்றிகளால் பிடிக்கின்றனர். வழுவழுப்பான தகட்டின் பனி எச்சரிக்கையின்றி மொத்தமாய்ச் சரியும்; வாயிலுக்கு மேலே பனியைத் தடுத்து நிறுத்தும் கட்டையோ கம்பியோ இல்லாவிடின் உயிருக்கே கேடு.

மற்றொரு பொருளின் கதை வருந்தத்தக்கது. ஆஸ்திரியாவின் லூட்விக் ஹாட்செக் 1901இல் சிமெண்டோடு கல்நார் கலந்து மெல்லிய தகடு செய்யும் உரிமம் பெற்றார். இலத்தீன் மொழியில் நிலைபேற்றைக் குறிக்கும் சொல்லினின்று அதற்கு எட்டர்னிட் என்று பெயரிட்டார். இலேசானது, எரியாதது, உறைபனிக்கு உடையாதது, விலையும் குறைவு. மலையூர்களில் கூரையாகவும் சுவரின் போர்வையாகவும் அது பரவியது. அதன் நுண்நார் நுரையீரலில் தங்கிப் பல்லாண்டுக்குப் பின் புற்றுநோயாய் முளைக்கும் என்பது தெளிவானபோது தொழிலாளர் பலர் மாண்டிருந்தனர். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2005இல் அது முற்றாகத் தடைசெய்யப்பட்டது. இன்று அப்பெயரில் விற்கப்படும் தகட்டில் கல்நார் இல்லை. ஆயினும் பழைய மனைகளைத் திருத்துவோர் அக்கூரையை முகமூடி அணிந்தே கழற்ற வேண்டியுள்ளது. தேர்ந்தெடுக்கும் நாளில் அறிந்திராத கேட்டினை அறுபதாண்டு கழித்துப் பேரப்பிள்ளைகள் காசு கொடுத்து அகற்றுகின்றனர்.

போருக்குப்பின் பிரெஞ்சு அரசினர் மலையுச்சியில் முழு ஊர்களையே புதிதாய்ப் படைத்தனர். 1946இல் தொடங்கிய கூர்ஷெவெலின் வரைவினை லோரான் ஷாப்பி போர்க்கைதியாய்ச் சிறையில் இருந்தபோதே சிந்தித்து வைத்திருந்தார். அவருடைய துணைவர் தெனி பிரதெல் நடுவே தாழ்ந்து இருபுறமும் உயரும் வண்ணத்துப்பூச்சிக் கூரையை அங்குள்ள மனைகளுக்குச் சூட்டினார். பனி உள்நோக்கியே தங்கும், வாயிலில் விழாது. 1969இல் திறந்த ஃபிளேன் ஊரை மார்சல் புரோயர் மறைவின்றிக் காங்கிரீட்டில் கட்டினார். 1966இல் பிறந்த அவோரியாஸ் ஊரின் கட்டடங்களோ கூரையென்றும் சுவரென்றும் பிரிவில்லாமல் சீடர் மரச்செதிளைத் தலைமுதல் கால்வரை போர்த்துக்கொண்டன. இன்று நரைத்துப்போன அம்மரம் பின்னாலுள்ள பாறையோடு கலந்து நிற்பதைக் காண்போர், இரண்டில் எது மலைக்கு இசைந்தது என்று கூறத் தயங்கார். ஃபிளேனுக்கும் அன்பர் உண்டு என்பதையும் சொல்லியாக வேண்டும்.

1999ஆம் ஆண்டு பிப்ரவரி 23ஆம் நாள் ஆஸ்திரியாவின் கால்டூர் ஊரில் பனிச்சரிவு இறங்கி 31 உயிர்களைக் கொண்டுசென்றது. மலைக்கு எதிர்முகமான சுவர் எதனால் ஆனது, அதில் எத்தனை சன்னல் என்பது சட்டத்தின் கேள்வியாக உள்ளது. ஆபத்து எல்லையின் உள்ளே கம்பி இட்ட காங்கிரீட்டுக்கு மாற்றில்லை. அதன்மேல் மரப்பலகை ஒட்டுவது அவரவர் விருப்பம்.

அவ்விருப்பமே இன்று ஊராரின் கவலையாகவும் உள்ளது. வெயிலில் கறுத்த பழைய மரத்துக்குச் செல்வரிடையே பெருமதிப்பு. எனவே மேட்டுநிலத்துக் கொட்டில்களும் களஞ்சியங்களும் கழற்றி விற்கப்பட்டு, புதுமனையின் காங்கிரீட் சுவருக்கு மேற்பலகையாகின்றன. போதாதபோது புதுமரத்தைப் பொறியால் சுரண்டிக் கருக்கி முதுமையூட்டும் தொழிலும் நடக்கிறது. மறுபுறம், மனைகள் பெருகினும் ஆள் இல்லை. ஆண்டில் சில கிழமை மட்டும் விளக்கெரியும் சன்னல்களைக் கண்டு ஊரார் சோர்ந்தனர். 2012ஆம் ஆண்டு மார்ச் 11ஆம் நாள் ஸ்விட்சர்லாந்து மக்கள் 50.6 விழுக்காட்டு வாக்குகளால் ஓர் எல்லை வகுத்தனர்: எந்த ஊரிலும் இரண்டாம் மனைகள் ஐந்தில் ஒரு பங்குக்கு மேற்படலாகாது.

அந்நாளுக்கு முன்பே இருந்த குடியிருப்புகளுக்கு அவ்வெல்லையின் தடை பொருந்தாது. ஆதலின் எல்லை கடந்த ஊர்களில் விலைக்கு வருவது பழைய வீடே. வாங்கியவர் முதலில் செய்வது பரணில் எஞ்சிய வைக்கோலை அள்ளி வெளியே கொட்டுவது. அடுத்து அங்கே படுக்கையிட்டு வெப்பமூட்டுவது. அறிந்த தச்சன் ஒருவன் அருகில் இருந்தால், கூரையைக் கழற்றி, ஒரு சாண் இடைவெளி விட்டு, அதே கல்லை அதே வரிசையில் மீண்டும் ஏற்றுவான். இல்லாவிடின் அடுத்த தை மாதத்துக்குள் இறவாரத்தில் பனிக்கட்டி அணை எழுந்து, படுக்கையின்மேல் முதல் துளி விழும்.